நிலாவில் ஒரு வண்டி, நம் தெருவில் ஒரு வண்டி

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், சில இடங்களைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.)



அறிவியல் சம்பந்தமாக இருபது நிமிடம் யாராவது பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, பொறியாளர்களும் பேராசிரியர்களும் இருக்கிற இந்த நகரில் ஒரு வங்கி கிளார்க் கை தூக்கியது சிலருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். நான் படித்தது பி.காம். பார்த்தது பேரேட்டு வேலை. ஆனால் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அடிப்படையில் ஒரு வரவு செலவுக் கணக்குதான். மேடும் பள்ளமும், மணலும் கல்லுமாக இருக்கிற நிலத்தில், கொஞ்சம் மின்சாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தானாக ஓடும் ஒரு வண்டி, எந்த வழியாகப் போனால் செலவு குறையும்? கேள்வி இவ்வளவுதான்.

இதைக் கேட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். கடைசியில் நம் தெருவில் தினமும் ஓடும் ஒரு வண்டியைப் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கப்போகிறேன். அதற்கு இந்தக் கணக்கு தேவை.

முதலில் நிலாவுக்குப் போவோம். 2023 ஆகஸ்ட் 23 மாலை ஆறு மணிக்குச் சந்திரயான்-3 இறங்கியதை நீங்கள் எல்லோரும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். விக்ரம் என்ற தரையிறங்கு கலத்திலிருந்து பிரக்யான் என்ற சிறு வண்டி வெளியே வந்தது. எடை 26 கிலோ. ஆறு சக்கரம். அதன் சோலார் பேனல் தரும் மின்சாரம் 50 வாட். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் இதைவிட அதிகம் இழுக்கும். அந்த 50 வாட்டில்தான் ஓட வேண்டும், படம் எடுக்க வேண்டும், மண்ணைச் சோதிக்க வேண்டும், விக்ரமுடன் பேச வேண்டும். அதற்குக் கிடைத்த காலம் நிலாவின் ஒரு பகல், அதாவது நம் கணக்கில் 14 நாள். சூரியன் மறைந்தால் கடும் குளிர். பிழைப்பது சந்தேகம்.

அதன் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். அந்த வேகத்தில் 100 மீட்டர் போக மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பிரக்யான் மொத்தமாகப் போனதே சுமார் 100 மீட்டர்தான். அதற்கு ஆகஸ்ட் கடைசி வாரம் தொடங்கி செப்டம்பர் 2 வரை ஆயிற்று. மீதி நேரமெல்லாம் எங்கே போயிற்று? வழி யோசிப்பதில் போயிற்று.

வண்டியின் முன்னால் இருக்கும் கேமராக்கள் படம் எடுக்கும். அது பெங்களூருக்கு வரும். அதைக் கொண்டு அங்கே மேடு பள்ளங்களின் வரைபடம் ஒன்றைத் தயாரிப்பார்கள். ஆனால் அந்தப் படங்களிலிருந்து ஐந்து மீட்டர் தூரத்துக்குத்தான் நம்பகமான வரைபடம் கிடைக்கும். அந்த ஐந்து மீட்டருக்குள் எப்படிப் போகலாம் என்று முடிவு செய்து கட்டளை அனுப்புவார்கள். போய் நின்றதும் மறுபடி படம், மறுபடி வரைபடம். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நூறு மீட்டருக்கு இருபது தடவை என்று வைத்தால் நூறு மணி நேரம் இதிலேயே போய்விடும்.

ஆகஸ்ட் 27 அன்று வண்டிக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. வந்த வழியே திரும்பச் சொன்னார்கள். திரும்பி, வேறு பக்கமாகப் போயிற்று. அன்று அவசரப்பட்டு இறக்கிவிட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கலாம்.

இந்தத் திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். விழுப்புரம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துத் தொடங்கியவர். இன்னொரு சொந்தமும் உண்டு. நிலா மண்ணைப் போன்ற மண் வேண்டும், அதில் சக்கரங்களை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இஸ்ரோ தேடியபோது, அது கிடைத்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில். அனார்த்தோசைட் என்ற பாறை அங்கே இருக்கிறது. நிலாவின் மேட்டு நிலங்களில் இருப்பதும் அதே வகை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் பேராசிரியர்கள் அதில் உதவினார்கள். நிலாவில் ஓடிய சக்கரத்துக்கு முதலில் நடை பழக்கியது நம் கொங்கு நாட்டுக் கல்தூள்.

இனி கணக்குக்கு வருவோம்.

குறைந்த தூரம்தான் குறைந்த செலவு என்று நமக்குத் தோன்றும். நம் ஊரின் பழைய நகரப் பகுதியில் அது ஓரளவு சரி. அங்கே தரை சமதளம், வீதிகள் கட்டம் போட்டதுபோல் நேர்க்கோட்டில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கடற்கரைக் காந்தி சிலையிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு எந்த வீதியில் திரும்பி எந்த வீதியில் நுழைந்தாலும், பின்னால் வராமல் போகிறவரை தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்போது எந்த வழி என்பதை மற்ற விஷயங்கள் முடிவு செய்யும். ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தை நடக்கிற காந்தி வீதியில் யாரும் வண்டியை விடமாட்டார்கள்.

ஆனால் கோரிமேட்டுப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களைக் கேளுங்கள். பெயரிலேயே மேடு இருக்கிறது. அங்கே மீட்டர் கணக்கு மட்டும் போதாது.

ஒரு வண்டியின் சக்திச் செலவை நான்கு தலைப்பில் எழுதலாம். ஒன்று, தரை இழுக்கும் இழுப்பு: சக்கரம் உருள்வதற்கே ஆகும் செலவு. இரண்டு, ஏற்றம். மூன்று, திரும்புவதிலும் வழுக்குவதிலும் வீணாவது. நான்காவது நம் வணிகவியல் மாணவர்களுக்குப் பழக்கமான நிலையான செலவு. வண்டி ஓடினாலும் நின்றாலும் அதன் கம்ப்யூட்டரும் ரேடியோவும் மின்சாரம் தின்றுகொண்டே இருக்கும். கடைக்கு வியாபாரம் இல்லாத நாளிலும் வாடகை ஓடுவதுபோல. அதனால் ரொம்பச் சுற்றி, ரொம்ப மெதுவாகப் போனாலும் நஷ்டம்தான்.

முதல் இரண்டையும் ஒரே நாணயத்துக்கு மாற்றிக்கொள்வோம். நல்ல தார்ச்சாலையில் ஒரு தள்ளுவண்டியின் இழுப்பு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயரம் ஏற்ற, எடை முழுவதையும் தூக்க வேண்டும், அதாவது நூற்றுக்கு நூறு. ஆக, ஒரு மீட்டர் ஏற்றம் ஐம்பது மீட்டர் சமதளத்துக்குச் சமம். வண்டி கனமோ லேசோ, இந்த விகிதம் மாறாது. உதிரி மணலில் இழுப்பு நூற்றுக்கு இருபது வரைகூடப் போகும். அங்கே ஒரு மீட்டர் போவது தார்ச்சாலையில் பத்து மீட்டர் போவதற்குச் சமம்.

இப்போது ஓர் உதாரணம். வீட்டிலிருந்து ஓர் இடத்துக்கு இரண்டு வழி. சுற்று வழி 500 மீட்டர், முழுக்கச் சமதளம். செலவு 500. நேர்வழி 400 மீட்டர், நடுவில் 4 மீட்டர் உயரத்தில் ஒரு மேடு. ஏற்றத்துக்கு மட்டும் 200 கூடும். 400, 200, ஆக 600. எனவே சுற்று வழியே லாபம் என்று எழுதிவிடுவோமா? பொறுங்கள், மறுபுறம் இறக்கம் இருக்கிறது.

மேடு சரியாக நடுவில் இருந்து, இருபுறமும் 200 மீட்டருக்கு மெல்லச் சரிகிறது என்றால், ஏற 200-ம் 200-ம் சேர்ந்து 400. இறங்கும்போது வண்டி தானாக உருளும், செலவு இல்லை. மொத்தம் 400. நேர்வழியே லாபம். ஏறும்போது கொடுத்தது செலவல்ல, வைப்புத்தொகை. இறங்கும்போது திரும்ப வந்துவிட்டது.

அதே மேடு 360 மீட்டருக்கு மெல்ல ஏறி, கடைசி 40 மீட்டரில் சடாரென்று இறங்குகிறது என்றால்? ஏற 360-ம் 200-ம், 560. இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் முடியாது. பிரேக் பிடித்தால் வைப்புத்தொகை சூடாகப் போய்விடும், கைக்கு வராது. மொத்தம் 560. இப்போது சுற்று வழி லாபம். இதே வழியில் எதிர்த்திசையில் வாருங்கள்: 40 மீட்டரில் செங்குத்தாக ஏற 240, பிறகு 360 மீட்டர் மெல்லிய இறக்கம், அதில் 160. மொத்தம் 400. ஆக, போகும்போது லாபமான வழி வேறு, வரும்போது லாபமான வழி வேறு. சாதாரண வரைபடத்தில் இது தெரியாது.

அமெரிக்கக் கடற்படையின் முதுநிலைக் கல்லூரியைச் சேர்ந்த நீல் ரோ, ரான் ராஸ் இருவரும் 1990-ல் இதை முறையாக எழுதினார்கள். பிரேக் பிடிக்கத் தேவைப்படாதவரை, மேடு பள்ளத்தால் ஏற்படும் செலவு புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் மட்டுமே. நடுவில் எத்தனை ஏறி இறங்கினாலும் கவலையில்லை. கவலைப்பட வேண்டியது செங்குத்தான இறக்கத்தைப் பற்றித்தான். நாமோ ஏற்றத்தைக் கண்டுதான் பயப்படுகிறோம்.

எதிர்த்திசையில் 40 மீட்டரில் செங்குத்தாக ஏறலாம் என்றேனே, அதிலும் ஒரு சிக்கல். மொத்தச் செலவு குறைவுதான். ஆனால் அந்த நேரத்தில் அத்தனை தள்ளு தள்ள மோட்டாருக்குத் தெம்பு வேண்டும், சக்கரம் வழுக்கக் கூடாது, வண்டி கவிழக் கூடாது. கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது இதனால்தான். வளைந்து போனாலும் நேராகப் போனாலும் ஏற வேண்டிய உயரம் ஒன்றே. அசல் மாறாது. ஒரே தடவையில் கட்ட முடியாதவருக்குத் தவணை போட்டுக் கொடுப்பதுபோல, சாலைக்காரர்கள் உயரத்தைத் தவணையாக்கியிருக்கிறார்கள். கூடுதலாக உருளும் தூரம்தான் வட்டி. ரோபோ வண்டியும் செங்குத்துச் சரிவில் இப்படி வளைந்து வளைந்துதான் ஏறும்.

சரி, செலவு தெரிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான வழிகளில் மலிவானதைக் கம்ப்யூட்டர் எப்படித் தேடுகிறது? நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போக என்ன செலவு என்று எழுதிக்கொள்ளும். 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேனா காகிதம் இல்லாமல், இருபது நிமிடத்தில் இதற்கு ஒரு முறையை யோசித்தார் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர். 1959-ல் வெளியிட்டார். இதுவரை ஆன செலவு எந்தக் கட்டத்துக்கு மிகக் குறைவோ, அங்கிருந்தே அடுத்த அடி வை. ஏற்கெனவே எழுதிய செலவைவிட மலிவான வழி தெரிந்தால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுது. அவ்வளவுதான் முறை.

அது எல்லாப் பக்கமும் தேடுவதால் நேரம் பிடித்தது. 1968-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில், ஷேக்கி என்ற நடமாடும் ரோபோவோடு வேலை செய்த ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் ஒரு திருத்தம் செய்தார்கள். இதுவரை ஆன செலவோடு, இன்னும் ஆகப்போகும் செலவின் மதிப்பீட்டையும் கூட்டிப் பார். ‘ஏ ஸ்டார்’ என்று பெயர். இதில் ஒரு நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. மீதிச் செலவைக் குறைத்து மதிப்பிடலாம், கூட்டி மட்டும் மதிப்பிடக் கூடாது. கணக்குப் படித்தவர்களுக்கு நேர் எதிரான பாடம் இது. வரவை நம்பாதே, நஷ்டத்துக்கு இடம் வை என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் இங்கே ஒரு வழியின் செலவைக் கூட்டி மதிப்பிட்டால், அது நல்ல வழியாக இருந்தாலும் பார்க்காமலே தள்ளிவிடுவோம். குறைத்து மதிப்பிட்டால், கொஞ்சம் அதிகம் தேடுவோம், ஆனால் நல்லதைத் தவறவிடமாட்டோம்.

இத்தனை கணக்குப் போட்டாலும் தரை ஏமாற்றும். நாசாவின் ஸ்பிரிட் என்ற வண்டி 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியது. 90 நாளுக்கென்று அனுப்பியது ஆறு வருடம் உழைத்தது. செவ்வாயின் குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது, சூரியனைப் பார்த்த சரிவில் போய் நின்றுகொண்டு பேனலில் வெயில் விழச் செய்வார்கள். அங்கே சரிவு செலவாக இல்லை, வரவாக இருந்தது. 2009 மே மாதம், மேலே கெட்டியாகத் தெரிந்த ஒரு தரையில் போனபோது மேலோடு உடைந்து, உள்ளே இருந்த மென்மணலில் சக்கரம் புதைந்தது. கோடையில் ஊசுட்டேரிக் கரையோரம் காய்ந்த சேற்றில் கால் வைத்தவர்களுக்கு இது புரியும். எட்டு மாதம் முயன்றும் மீட்க முடியவில்லை. 2010 ஜனவரியில் இனி அது நகராது என்று அறிவித்தார்கள். சூரியனைப் பார்த்துச் சாய்ந்து நிற்க முடியாததால் மின்சாரம் குறைந்தது. மார்ச் 22-க்குப் பிறகு அதனிடமிருந்து செய்தி இல்லை. அதனால்தான் மலிவான வழியைவிட, தெரிந்த வழிக்கு மதிப்பு அதிகம். வங்கியில் ஜாமீன் இல்லாத கடனுக்கு மார்ஜின் கூட்டி வைப்பதுபோல, சந்தேகமான கட்டத்துக்கு இன்று செலவைக் கூட்டியே எழுதுகிறார்கள்.

இப்போது நம் தெரு.

நம் நகரில் குப்பை எடுக்க இரண்டு அம்மாக்கள் வருகிறார்கள். கீழே பிரதான சாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு, முதல் வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டே மேலே ஏறுகிறார்கள். கடைசி வீட்டுக்கு வரும்போது வண்டி நிறைந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி, லாரியில் கொட்டுகிறார்கள். அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. பிரேக் அவர்களுடைய முழங்கால்.

காலி வண்டி 40 கிலோ, நிறைந்தால் 140 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய முறையில், ஏறும் வழி முழுக்க அவர்கள் தள்ளுவது சராசரியாக 90 கிலோ. இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது முழு 140 கிலோ. அதற்குப் பதிலாக, முதலில் காலி வண்டியோடு மேலே போய்விட்டு, கடைசி வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டே கீழே வந்தால்? ஏற்றத்தில் 40 கிலோ. இறக்கத்தில் சராசரி 90 கிலோ. நடக்கும் தூரம் அதேதான். ஏற்றத்தின் சிரமம் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. ஒரு ரூபாய் செலவில்லை. நாளைக்கே பேட்டரி வண்டி வந்தாலும் இதே கணக்குதான். ஒரு சார்ஜில் எத்தனை தெரு முடியும் என்பதை இது தீர்மானிக்கும்.

இதை அந்த அம்மாக்களிடம் சொன்னேன். ஒருவர் சொன்னார்: “மேல இருந்து ஆரம்பிச்சா எங்களுக்கு நல்லதுதான் சார். ஆனா காலி வண்டியோட போகும்போது கீழ் வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா? இதையும் வாங்கிட்டுப் போம்மாம்பாங்க. வாங்கலைன்னா கோவிச்சுப்பாங்க.”

அவர் சொன்னது சரி. நிலாவில் வழியைத் தீர்மானித்தது மண்ணும் சூரியனும். நம் தெருவில் தீர்மானிப்பது நாம்தான். அதனால் என் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று, கீழ்ப் பகுதி வீட்டுக்காரர்கள், வண்டி மேலே ஏறும்போது குப்பையைக் கொடுக்காதீர்கள். இறங்கி வரும்போது கொடுங்கள். உங்களுக்கு அரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான்.

இரண்டு, மேல் பகுதி வீட்டுக்காரர்கள், இனி உங்கள் வீடுதான் முதல் வீடு. வண்டி வரும்போது பக்கெட் வாசலில் தயாராக இருக்க வேண்டும். அவர்கள் மணி அடித்துக் காத்து நின்றால் இந்த ஏற்பாடு ஒரு வாரத்தில் கலைந்துவிடும்.

மூன்று, எந்தத் தெரு எந்தப் பக்கம் எவ்வளவு உயர்கிறது என்று நமக்குக் கண்ணளவில்தான் தெரியும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் ஒன்றும், அளவு டேப் ஒன்றும் போதும். அடுத்த மாதம் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேர் வந்தால், நம் நகரின் எல்லாத் தெருக்களையும் இரண்டு மூன்று வாரத்தில் அளந்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், அவர்களுக்கும் படிப்பாகும். அந்த அளவு மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் பயன்படும். சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கு எந்தத் தெரு ஏற்றது என்பதும் தெரியும்.

மேலிருந்து தொடங்குவதை ஒரு மாதம் செய்து பார்ப்போம். அந்த அம்மாக்களிடமே கேட்போம். அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தால் தொடர்வோம். இல்லையென்றால் பழையபடி விட்டுவிடுவோம். வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்து நோட்டில் பெயர் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது.